டாங்கி முதல் பிளக் வரை

ஸ்வீடன் நாட்டு கோனிக்செக் கம்பெனியின் ஜெஸ்கோ கார் 95 ஆக்டேன் பெட்ரோலில் 1280 குதிரைத்திறன் தரும். அதே காரில் இ85 ஊற்றினால் 1600. கேரளத்தின் நெய்யாற்றின்கரைக்கும் தமிழ்நாட்டு எல்லையில் உள்ள களியக்காவிளைக்கும் நடுவில் கார்ப் பைத்தியம் உள்ள எந்தப் பையனை எழுப்பிக் கேட்டாலும் இந்த இரண்டு எண்ணையும் சொல்வான். இ85 என்றால் நூற்றுக்கு 85 பங்கு எத்தனால், மிச்சம் பெட்ரோல். எரிபொருளை மாற்றினாலே 320 குதிரை கூடிவிடும் என்ற நம்பிக்கையோடு, அதே வழியில் பாறசாலையில் உள்ள எங்கள் ஒர்க்‌ஷாப்புக்குப் பையன்கள் வருகிறார்கள். இன்ஜெக்டர், பெட்ரோல் பம்பு, இசியூ எனப்படும் எஞ்சின் கம்ப்யூட்டர் என்று எரிபொருள் போகும் வழியில் உள்ள வேலைதான் எங்களுக்குப் பிரதானம். அதனால் இந்தக் கேள்வி எங்களிடம்தான் வந்து நிற்கும்.

போன மழைக்காலத்தில் தனுவச்சபுரம் பக்கத்துப் பையன் ஒருவன் 2015 மாடல் போலோ ஜிடி டிஎஸ்ஐ கொண்டுவந்தான். 1.2 லிட்டர் டர்போ எஞ்சின், கம்பெனிக் கணக்குக்கு 105 குதிரைத்திறன், 175 நியூட்டன் மீட்டர் டார்க். உயரம் குறைந்த, கைக்கு அடக்கமான, சொன்னபடி கேட்கிற கார். நானும் அந்த எஞ்சினை நேசிக்கிறவன்தான்.

“அண்ணா, இத எத்தனாலுக்கு மாத்தணும். எவ்வளவு ஆகும்?”

“லே மக்கா, ரூவா கணக்கு பிறகு பாக்கலாம். இப்ப உன் டாங்கில எத்தன சதம் எத்தனால் கெடக்கு, அத சொல்லு.”

அவனுக்குத் தெரியவில்லை. இந்தச் சாலையில் ஓடுகிற நூறு பேரை நிறுத்திக் கேட்டாலும் பெரும்பாலோருக்குத் தெரியாது. இந்தக் கட்டுரை எழுத உட்கார்ந்ததற்குக் காரணமே அதுதான். பந்தயக்காரர்கள் ஆசைப்பட்டுச் செய்கிற மாற்றம் நம் எல்லாருடைய வண்டிக்கும் பாதி நடந்து முடிந்துவிட்டது. 2023 பிப்ரவரி 6 அன்று பெங்களூரில் இ20 பெட்ரோலைப் பிரதமர் அறிமுகப்படுத்தினார். 2030க்குள் எட்டவேண்டும் என்று 2018 உயிரி எரிபொருள் கொள்கையில் வைத்திருந்த இருபது சத இலக்கை முன்னுக்கு இழுத்து, 2025லேயே எட்டியும்விட்டார்கள். அதற்கு முன்பு, இ10 மனதில் வைத்துச் செய்யப்பட்ட வண்டிகள் லட்சக்கணக்கில் ரோட்டில் இருக்கின்றன. அந்தப் போலோவும் அதில் ஒன்று. மெக்கானிக் யாரும் தொடாமலே அது எத்தனால் வண்டி ஆகிக்கொண்டிருக்கிறது. அப்படியானால் டியூனிங் பையன்கள் தெரிந்துகொள்ள வேண்டியதை மாருதி ஓட்டுகிற வாத்தியாரும் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும்.

முதலில் அந்த 320 குதிரை எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடுவோம். எத்தனாலில் சக்தி அதிகம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை அதற்கு நேர் எதிர். ஒரு கிலோ பெட்ரோல் எரிந்தால் சுமார் 43 மெகாஜூல் வெப்பம். ஒரு கிலோ எத்தனால் எரிந்தால் 27தான். ஆனால் எஞ்சினுக்குள் எவ்வளவு எரிபொருள் போகலாம் என்பதை முடிவு செய்வது காற்று. ஒரு கிலோ பெட்ரோல் முழுசாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். ஆகவே உள்ளே வந்த அதே காற்றுக்கு எத்தனாலைக் கூடுதலாகப் பீய்ச்சலாம். கணக்குப் போட்டுப் பார்த்தால், ஒரு கிலோ காற்றோடு எரியும்போது இரண்டும் தருகிற வெப்பம் கிட்டத்தட்ட ஒன்றுதான். எரிபொருளை மட்டும் மாற்றிவிட்டு வேறு எதையும் தொடாமல் விட்டால் பெரிதாக எதுவும் கூடாது. மைலேஜ்தான் குறையும்.

கூடுதல் திறன் வருவது வேறு வழியில். டர்போ எஞ்சினின் பெரிய எதிரி நாக்கிங். பிளக் பொறி விட்டு எரியவேண்டிய கலவை, சூடும் அழுத்தமும் தாங்காமல் ஒரு மூலையில் தானாகவே வெடித்துவிடும். பிஸ்டன் தலையில் சுத்தியலால் அடிக்கிற மாதிரி ஒரு சத்தம் வரும். அது வந்துவிடக்கூடாதே என்றுதான் கம்பெனிக்காரர்கள் பூஸ்ட் அழுத்தத்தையும் பொறி விடும் நேரத்தையும் அடக்கி வைக்கிறார்கள். எத்தனாலின் ஆக்டேன் எண் 108க்கு மேல். நாக்கிங்கை எதிர்த்து நிற்கும். அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. திரவம் ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தை உறிஞ்சும். ஒரு கிலோ பெட்ரோல் ஆவியாக 350 கிலோஜூல் அளவில் எடுத்துக்கொண்டால், எத்தனால் 900ஐ நெருங்கி எடுக்கும். பீய்ச்சுகிற அளவும் கூடுதல் என்பதால், ஒரே அளவு காற்றை எத்தனால் நான்கு மடங்கு வரை குளிர்விக்கிறது. டர்போவில் அழுத்தப்பட்டுக் கொதித்து வருகிற காற்றுக்கு இது பெரிய நிம்மதி. நாக்கிங் பயம் குறைந்ததும் பூஸ்ட்டைக் கூட்டலாம், பொறியை முன்கூட்டி விடலாம். கோனிக்செக்கின் 1600 அப்படி வந்தது. அமெரிக்காவின் இண்டிகார் பந்தயக்காரர்கள் 2007லேயே எத்தனாலுக்கு மாறிவிட்டார்கள். இதில் நான் எத்தனாலின் பக்கம். அது நல்ல எரிபொருள்; டர்போ எஞ்சினுக்கு வரப்பிரசாதம் என்றே சொல்வேன்.

சிக்கல் பீய்ச்சுகிற இடத்தில் தொடங்குகிறது. இ20லிருந்து இ85க்குப் போனால், ஒவ்வொரு லிட்டருக்கும் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக ஊற்றியாக வேண்டும். டாங்கிக்குள் இருக்கும் பம்பு அதைத் தள்ளித் தரவேண்டும். போலோ மாதிரி நேரடி இன்ஜெக்‌ஷன் வண்டியில் எஞ்சின் மேலே இன்னொரு பம்பு உண்டு. கேம்ஷாஃப்ட் தள்ளி ஓட்டுகிற அந்த உயரழுத்தப் பம்பு நூறு பாருக்கு மேல் அழுத்தி அனுப்பும். அதற்கு ஓர் எல்லை இருக்கிறது. எல்லை தாண்டினால் இன்ஜெக்டர்களுக்கு எரிபொருள் தரும் ரெயிலில் அழுத்தம் சரியும், கலவை மெலியும், முழு பூஸ்டில் மெலிந்த கலவை பிஸ்டனைத் தின்றுவிடும். கம்பெனி வைத்த பம்போடு இ85 என்பது இந்த மாதிரி வண்டியில் நடக்காத காரியம். உலகம் முழுக்க டிஎஸ்ஐ டியூனர்கள் இ30 என்ற இடத்தில் நின்றுகொள்வது இதனால்தான். இ20லிருந்து இ30க்கு நாலைந்து சதம் எரிபொருள் கூடினால் போதும், பம்பு தாங்கும். நாக்கிங் எதிர்ப்போ நன்றாகவே கூடிவிடுகிறது.

இ30 கலக்க எத்தனால் எங்கே கிடைக்கும்? இந்தியன் ஆயில் 2024 மார்ச் 15 அன்று ‘எத்தனால் 100’ என்ற எரிபொருளை 183 பம்புகளில் தொடங்கியது. மகாராஷ்டிரம், கர்நாடகம், உத்தரப்பிரதேசம், டெல்லி, தமிழ்நாடு அந்தப் பட்டியலில் இருந்தன. கேரளம் இல்லை. பெயர் நூறு என்றாலும் அதில் எத்தனால் 93 சதத்துக்குச் சற்று மேல், பெட்ரோல் 5 சதம், இரண்டும் பிரியாமல் பிடித்துவைக்க ஒன்றரை சதம் வேறு ஆல்கஹால். போலோவின் 45 லிட்டர் டாங்கியில் 39 லிட்டர் இ20, 6 லிட்டர் எத்தனால் 100 என்று கலந்தால் கிட்டத்தட்ட இ30 கிடைக்கும். இந்தக் கணக்கைப் பையனுக்குப் போட்டுக் காட்டினேன். முகம் மலர்ந்தது. உடனே அவன் சொன்ன யோசனைதான் என்னைப் பயமுறுத்தியது: “ஆறு லிட்டர்தானே அண்ணா, ஸ்பிரிட் கிடைக்குமே?”

இந்த ஊருக்கு வெளியே உள்ளவர்களுக்கு இதன் கனம் புரியாமல் போகலாம். இங்கிருந்து வடக்கே நெய்யாறு தாண்டுவதற்கு முன் அமரவிளையில் எக்சைஸ் செக்போஸ்ட் இருக்கிறது. எங்கள் தலைமுறை வளர்ந்ததே அங்கே ஸ்பிரிட் பிடிபட்ட செய்திகளைக் கேட்டுத்தான். ரகசிய அறை வைத்த லாரி, காய்கறி மூட்டைக்கு அடியில் கன்னாஸ் என்று நாங்கள் சொல்லும் கேன். அந்த ஸ்பிரிட்டும் பெட்ரோலில் கலக்கிற எத்தனாலும் ஒரே பொருள்தான். பர்மிட் இல்லாமல் ஒரு கன்னாஸ் வைத்திருந்தாலும் கேரள அப்காரிச் சட்டத்தில் வழக்கு வரும், ‘காருக்கு ஊற்ற வைத்திருந்தேன்’ என்பது பதிலாகாது. சட்டத்தை ஒதுக்கி வைத்தாலும், எஞ்சினுக்கே அது விஷம். வடித்தெடுக்கிற ஸ்பிரிட்டில் நூற்றுக்கு நாலைந்து பங்கு தண்ணீர் நிற்கும். எத்தனை தடவை காய்ச்சினாலும் சாதாரண வாலையில் அதற்கு மேல் பிரியாது. எரிபொருளுக்கான எத்தனாலை மூலக்கூறு சல்லடை வழியாகச் செலுத்தித் தண்ணீரை அறவே நீக்கி, 99.6 சதத்துக்குக் கொண்டுவருகிறார்கள். தொழிற்சாலை ஸ்பிரிட்டில் குடிக்காமல் இருப்பதற்காக மெத்தனால் கலந்திருக்கவும் கூடும். மெத்தனால் அலுமினியத்தை அரிக்கும். சிலிண்டர் ஹெட் மாதிரிப் பல பாகங்கள் அலுமினியம். அந்தப் பையனிடம் குரலை உயர்த்தித்தான் சொன்னேன்: ஸ்பிரிட் விஷயம் இந்த ஷெட்டுக்குள் பேசக்கூடாது.

தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்த வரையில் இந்த மண்ணில் எத்தனால் பெட்ரோலுக்கு வருகிற கேடு பெரும்பாலும் தண்ணீரால் வருவது. இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, துலாவர்ஷம் என்னும் வடகிழக்குப் பருவமழையும் உண்டு; வருஷத்தில் முக்கால்வாசி காற்று ஈரமாகவே இருக்கும். வெறும் பெட்ரோல் தண்ணீரைச் சேர்த்துக்கொள்ளாது. டாங்கிக்கு அடியில் கொஞ்சம் தண்ணீர் தனியாகக் கிடக்கும், அவ்வளவுதான். எத்தனால் தண்ணீரைக் கண்டால் இழுத்துக்கொள்ளும். ஓரளவு வரை அது நல்லதுதான், கரைந்து எரிந்து போய்விடும். இ10இல் சுமார் அரை சதம் தண்ணீர் வரை தாங்கும். எத்தனால் கூடக்கூடத் தாங்குகிற அளவும் கூடும். எல்லை தாண்டினால் ஒரே நொடியில் பிரிந்துவிடும். தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து கீழே, பெட்ரோல் மேலே. பம்பு உறிஞ்சுவது கீழே இருந்து. வண்டி நின்றுவிடும். ஒரு பெருமழைக்கு மறுநாள், ஒரே பம்பில் அடித்த வண்டிகள் வரிசையாக எங்கள் ஷெட்டுக்கு வந்தன. ஒவ்வொன்றிலும் கீழே வடித்தது கலங்கிய வெள்ளை நீர், ஸ்பிரிட் வாடை.

இங்கே கல்ஃப் வண்டிகள் என்று ஒரு வகை உண்டு. துபாயிலும் தோஹாவிலும் வேலை, லீவுக்கு வந்தால் ஓட்டக் கார். மிச்ச மாதங்கள் போர்வை போர்த்திய ஷெட்டில். அரை டாங்கி பெட்ரோலோடு விட்டுவிட்டுப் போகிறார்கள். காலியான பாதியில் காற்று, காற்றில் ஈரம், பகலும் இரவும் மூச்சு விடுகிற டாங்கி. பத்து மாதம் கழித்து வந்து சாவி திருப்பினால் என்ன நடக்கும்? போகும்போது டாங்கியை நிரப்பிவிட்டுப் போங்கள், அல்லது வடித்துவிட்டுப் போங்கள். வீட்டில் யாரையாவது மாதம் ஒருமுறை கொஞ்ச தூரம் ஓட்டச் சொல்லுங்கள். இதற்கு எந்தக் கிட்டும் தேவையில்லை.

குளிர் நாடுகளில் எத்தனாலுக்கு வேறொரு கஷ்டம். 13 டிகிரிக்குக் கீழே போனால் போதிய ஆவி எழாது, எஞ்சின் ஸ்டார்ட் ஆகாது. பிரேசிலில் 1979இல் ஃபியட் 147 எத்தனால் காராக வந்த காலம் முதல், குளிர் காலையில் கிளப்புவதற்கென்றே ஒரு குட்டிப் பெட்ரோல் டாங்கியை எத்தனால் கார்களில் வைத்தார்கள். 2003இல் ஃபோக்ஸ்வேகன் கோல் எந்த விகிதத்தில் கலந்தாலும் ஓடும்படி வந்தது. பாறசாலைக்கு அந்தத் தொல்லை இல்லை, மார்கழிக் காலையிலும் இங்கே அவ்வளவு குளிராது.

அந்த கோல் எப்படிச் சமாளித்தது என்று யோசித்தால் நம் வேலைக்கு வழி கிடைக்கும். டாங்கியில் என்ன இருக்கிறது என்பதை, எரிந்து வெளியே வரும் புகையில் மிஞ்சிய ஆக்சிஜனை வைத்தே அதன் கம்ப்யூட்டர் ஊகித்தது. இன்னொரு முறை எரிபொருள் குழாயிலேயே சென்சார் வைப்பது. மின்புலத்தில் எத்தனாலும் பெட்ரோலும் நடந்துகொள்ளும் விதம் வேறு. அதை அளக்கும் எண் பெட்ரோலுக்கு 2, எத்தனாலுக்கு 24. நடுவில் இவ்வளவு இடைவெளி இருப்பதால் கலவையைத் துல்லியமாகச் சொல்லிவிடலாம். கடையில் கிடைக்கிற சென்சார் வெறும் பெட்ரோலுக்கு 50 ஹெர்ட்ஸ், முழு எத்தனாலுக்கு 150 ஹெர்ட்ஸ் துடிப்பு தரும். மீட்டர் 70 காட்டினால் இ20. பையனுடைய போலோவில் நான் முதலில் மாட்டச் சொன்னது அந்தச் சென்சாரைத்தான், அதுவும் டேஷ்போர்டில் எண் தெரிகிற மாதிரி. டர்போ, டவுன்பைப், பெரிய இன்டர்கூலர் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

காசு செலவில்லாத முறை ஒன்றும் இருக்கிறது, யாரும் வீட்டு முற்றத்தில் செய்யலாம். பள்ளிக்கூட லேபில் இருக்கும் 100 மில்லி அளவுக் குழாய் ஒன்று எடுங்கள். 10 மில்லி தண்ணீர் விடுங்கள். 100 கோடு வரை பெட்ரோல் ஊற்றி, மூடிக் குலுக்கி, வைத்துவிடுங்கள். பக்கத்தில் தீயோ சிகரெட்டோ கூடாது. பெட்ரோலில் உள்ள எத்தனால் தண்ணீரோடு சேர்ந்து கீழே இறங்கும். கீழ் அடுக்கு 10லிருந்து 28 வரை உயர்ந்தால், 90 மில்லியில் 18 எத்தனால், அதாவது இ20. ஒன்றிரண்டு கோடு முன்னே பின்னே இருக்கும். ஆனால் உங்களுக்கு ஊற்றியது என்ன என்று தெரிந்துவிடும்.

போலோவில் பிறகு என்ன செய்தோம்? டாங்கியிலிருந்து நடந்தே போனோம் என்று சொல்லலாம். எத்தனால் நல்ல கரைப்பான். பழைய டாங்கிச் சுவரில் ஒட்டிக்கிடக்கும் பிசினைக் கழுவிக்கொண்டு வரும், அது ஃபில்டரை அடைக்கும். இ20 வந்த புதிதில் ‘இழுவை இல்லை’ என்று வந்த பல பழைய வண்டிகளுக்கு ஃபில்டர் மாற்றியதே மருந்தாக இருந்தது. அடுத்து ஹோஸ். சாதாரண ரப்பரும் கார்க்கும் ஊறி உப்பிவிடும். ஃப்ளூரோகார்பன் ரப்பர் தாங்கும். துத்தநாகப் பூச்சு, பித்தளை இவை எத்தனாலோடு ஒத்துப்போகாது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கவலையில்லை. இன்ஜெக்டர்களைக் கழற்றிப் பெஞ்சில் வைத்து நான்கும் ஒரே அளவு பீய்ச்சுகிறதா என்று பார்த்தோம். ஸ்கேனரில் லாங் டேர்ம் ட்ரிம் பார்த்தோம்: இசியூ தன் கணக்குக்கு மேல் எவ்வளவு கூடுதல் எரிபொருள் சேர்க்க வேண்டியிருக்கிறது என்று காட்டும் எண் அது. பிளக் ஒரு படி குளிர்ந்த ரகம். இதில் பழைய மெக்கானிக்குகள் ஏமாந்துபோவார்கள், பிளக் நிறத்தைப் பார்த்துக் கலவை சொல்கிற வித்தை எத்தனாலில் செல்லாது. அது எரிந்தால் பிளக் வெளுப்பாகவே இருக்கும். ஆயிலையும் கம்பெனி சொன்னதற்கு முன்பே மாற்றிவிடவேண்டும், குறைந்த தூரம் ஓடி நிற்கிற வண்டியில் எத்தனாலும் ஈரமும் ஆயிலில் இறங்கும்.

இத்தனையும் முடிந்த பிறகுதான் இசியூவைத் திருத்தும் லேப்டாப். அதிலும் எல்லை வைத்தேன். இந்தப் போலோவின் ஏழு கியர் டிஎஸ்ஜி கியர்பாக்ஸ் உலர் கிளட்ச் வகை. அது தாங்க என்று வடிவமைத்த டார்க் 250 நியூட்டன் மீட்டர். எத்தனால் எஞ்சினைக் காப்பாற்றும், கியர்பாக்ஸைக் காப்பாற்றாது.

இன்னொரு சுவரும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, கம்பெனி தந்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்த வழக்கே கேரளத்திலிருந்து போனதுதான். வேறு எரிபொருளுக்கு மாற்ற அங்கீகாரமுள்ள கிட், ஆர்டிஓ அனுமதி, ஆர்சியில் பதிவு வேண்டும். அதில்லாமல் இ30க்கு மாற்றி ரோட்டில் விட்டால் இன்ஷூரன்ஸும் கைகொடுக்காமல் போகலாம். ஆகவே பையனுடைய வண்டியை இ20க்கு முழுசாகச் சரிசெய்து கொடுத்தேன். இ20க்கே இந்தியத் தரத்தில் ஆக்டேன் 95. பழைய சாதாரணப் பெட்ரோலுக்கு 91. நாக் சென்சார் உள்ள டர்போ வண்டிக்கு அந்த நான்கு எண் நல்ல பரிசு. வழியில் உள்ள அடைப்பையெல்லாம் நீக்கிக் கொடுத்தால் எஞ்சின் அதைத் தானாகவே எடுத்துக்கொள்கிறது. இ30 ஆசையைப் பந்தயத் தளத்துக்கு என்று வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.

மைலேஜ் பற்றிக் கேட்பவர்களுக்கு: நிதி ஆயோக் 2021இல் வெளியிட்ட அறிக்கையிலேயே, இ10க்குச் சீர்செய்த பழைய வகைக் கார்களில் இ20 ஊற்றினால் 6 முதல் 7 சதம் குறையும் என்று எழுதியிருக்கிறார்கள். அது மறைத்த ரகசியம் அல்ல. ஆனால் பம்பில் யாரும் அதைச் சொல்வதில்லை. இங்கே ஜனங்கள் லிட்டருக்குச் சில ரூபாய் லாபம் என்று எல்லை தாண்டிக் களியக்காவிளைக்குப் போய் அடிக்கிறார்கள். 2023 ஏப்ரலில் கேரளம் 2 ரூபாய் செஸ் போட்ட பிறகு அந்தக் கூட்டம் இன்னும் கூடியது. விலையை இவ்வளவு கவனிக்கிறவர்கள், வாங்குகிற சரக்கு என்னவென்று கேட்கும் உரிமையையும் கையில் எடுக்கவேண்டும்.

இந்த எத்தனால் எங்கள் மண்ணிலிருந்தே வரலாம் என்பதும் எனக்கு ஒரு ஆசை. திருவிதாங்கூரில் மரச்சீனியை, அதாவது மரவள்ளிக்கிழங்கைப் பரப்பியவர் விசாகம் திருநாள் மகாராஜா. இன்றும் செங்கலிலிருந்து வெள்ளறடை வரை மரச்சீனி இல்லாத விளை குறைவு. திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963 முதல் இயங்கும் கிழங்கு ஆராய்ச்சி நிலையம் அதன் மாவிலிருந்து எத்தனால் எடுப்பதை ஆய்ந்திருக்கிறது. ஒரு டன் கிழங்கிலிருந்து சுமார் 150 லிட்டர் வரும். 2018 கொள்கையும் மரச்சீனியை மூலப்பொருளாக ஏற்றிருக்கிறது. விளைச்சல் கூடிய வருஷத்தில் கிழங்கைப் பறிக்கக் கூலி கட்டாமல் மண்ணிலேயே விடுகிற விவசாயிகளை எனக்குத் தெரியும். அவர்களுடைய கிழங்கு வீணாகாமல் ஒரு விலைக்குப் போனால், அந்த 20 சதத்தை நான் சந்தோஷமாக ஊற்றிக்கொள்வேன்.

அதற்கு முன்னால் நடக்கவேண்டியது ஒன்று. அளவில் சந்தேகம் வந்தால் பார்க்க ஒவ்வொரு பம்பிலும் ஐந்து லிட்டர் அளவுக் கேன் வைத்திருக்கிறார்கள். கேட்டால் அளந்து காட்டியாக வேண்டும். தரத்துக்கு ஃபில்டர் பேப்பர் வைத்திருக்கிறார்கள். அவற்றின் பக்கத்தில் 100 மில்லி கண்ணாடிக் குழாய் ஒன்றும், இன்றைய லோடில் எத்தனால் எத்தனை சதம் என்று விலைப் பலகையிலேயே எழுதிய ஒரு வரியும் வேண்டும். பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை வரை உள்ள பம்புக்காரர்களிடம் இதை நேரில் கேட்டுவருகிறேன். நீங்களும் உங்கள் ஊர்ப் பம்பில் கேளுங்கள்.